விதையில்லா எலுமிச்சை: விதை எங்கே போனது?

காய்கறிச் சந்தையில் இப்போது இரண்டு வகை எலுமிச்சை கிடைக்கிறது. ஒன்று நாம் நெடுங்காலமாகப் பார்த்து வரும் சிறிய உருண்டைப் பழம். தோல் மெலிது, மணம் அதிகம், அறுத்தால் விதைகள் தெறிக்கும். மற்றொன்று கிட்டத்தட்ட கோழி முட்டை அளவில், கரும்பச்சை நிறத்தில் இருக்கும். எத்தனை பழம் அறுத்தாலும் பெரும்பாலும் ஒரு விதைகூட இருக்காது. கடைக்காரர்கள் அதை ‘லீமாவ் நிப்பிஸ் தன்பா பிஜி’ என்று விற்கிறார்கள். ஊறுகாய் போடுகிறவர்களுக்கும் உணவுக்கடை வைத்திருப்பவர்களுக்கும் விதை எடுக்கும் வேலை மிச்சம்.

ஆனால் விதையில்லாப் பழம் என்றாலே பலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. “ஊசி போட்டு வளர்த்ததாக இருக்கும்”, “மரபணுவை மாற்றிவிட்டார்கள்”, “பிள்ளைகளுக்குக் கொடுக்காதே” என்ற பேச்சு குடும்பங்களில் சாதாரணமாகக் கேட்பதுதான். தர்ப்பூசணிக்கும் இதே பேச்சு உண்டு. வாழைப்பழத்தைப் பற்றி மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாம் தினமும் உண்ணும் வாழையிலும் விதை இல்லை என்பது பழக்கத்தில் மறந்து போய்விட்டது.

எலுமிச்சை, தர்ப்பூசணி, வாழை ஆகிய மூன்றையும் இணைக்கும் காரணம் ஒன்று உண்டு. அதற்குத் தாவரவியலில் ‘பன்மடியம்’ என்று பெயர். அது நோயும் அல்ல, ஊசியும் அல்ல. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்து வரும் ஒரு வேலை. அதே சமயம், வீட்டில் ஒரு வாழையோ எலுமிச்சையோ நட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தும் அதில் இருக்கிறது.

இரண்டு இரண்டாக நிற்கும் குரோமோசோம்கள்

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம்கள் இருக்கின்றன. இலை எப்படி இருக்க வேண்டும், பழம் புளிக்க வேண்டுமா இனிக்க வேண்டுமா என்ற குறிப்புகள் அவற்றில்தான் அடங்கியுள்ளன. மனிதருக்கு 46. அவை தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என ஜோடி ஜோடியாக வருகின்றன.

எலுமிச்சை, ஆரஞ்சு, பம்ளிமாஸ் போன்ற நாரத்தைக் குடும்பச் செடிகளுக்கு 18, அதாவது 9 ஜோடி. பூவில் மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, ஆளுக்கு 9 எடுத்துக்கொள்கின்றன. மகரந்தம் சூலில் சேரும்போது 9 கூட்டல் 9, மறுபடியும் 18. விதை உருவாகிறது. இப்படி இரண்டு தொகுதி குரோமோசோம்கள் உள்ள செடியை ‘இருமடியம்’ என்பார்கள்.

சில சமயம் இந்தக் கணக்கு தவறும். பிரிய வேண்டிய ஜோடிகள் பிரியாமல் அப்படியே மகரந்தத்திலோ சூலிலோ தங்கிவிடும். அப்போது 9க்குப் பதிலாக 18 இருக்கும். அது இன்னொரு சாதாரண 9 உடன் சேர்ந்தால் 27. இரண்டு தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தொகுதி. இது ‘மும்மடியம்’. நான்கு தொகுதி இருந்தால் ‘நான்மடியம்’. இரண்டுக்கு மேல் எத்தனை தொகுதி இருந்தாலும் பொதுப்பெயர் பன்மடியம்.

விலங்குகளில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் தங்காது. செடிகள் தாங்கிக்கொள்கின்றன. பல செடிகளில் உயிரணுக்கள் பெரிதாகின்றன, இலை தடிக்கிறது, பூவும் காயும் பெருக்கின்றன. பழைய உழவர்களுக்குக் குரோமோசோம் பற்றித் தெரியாது. ஆனால் காய் பெரிதாக இருந்த செடியை அவர்கள் விடாமல் பத்திரப்படுத்தினார்கள். பன்மடியச் செடிகள் பல நம் தோட்டத்துக்கு வந்த வழி அதுதான்.

மூன்று பேருக்கு ஜோடி சேராது

மும்மடியச் செடியில் ஏன் விதை இருப்பதில்லை? பள்ளிக்கூடத்தில் மாணவர்களைக் கைகோத்து இரண்டு வரிசையாக நிற்கச் சொன்னால் இருவர் இருவராக நிற்பார்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவர் தனியாக நிற்பார். அவர் இந்த வரிசைக்கா, அந்த வரிசைக்கா என்று தெரியாது.

27 குரோமோசோம் உள்ள எலுமிச்சையில் இதே குழப்பம் ஒன்பது முறை நடக்கிறது. ஒவ்வொரு வகையிலும் மூன்று குரோமோசோம் இருப்பதால், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று பிரிகின்றன. எந்தப் பக்கம் இரண்டு போகும் என்பது காசு சுண்டுவது போலத்தான். ஒன்பது காசுகளைச் சுண்டி, ஒன்பதும் தலையாகவோ ஒன்பதும் பூவாகவோ விழுந்தால்தான் மகரந்தத்துக்கு முழுத் தொகுதி கிடைக்கும். கணக்குப்படி அது 256க்கு ஒரு முறை. தர்ப்பூசணிக்கும் வாழைக்கும் ஒரு தொகுதியில் 11 குரோமோசோம். அங்கே 1,024க்கு ஒரு முறை. இது மகரந்தத்துக்கு மட்டும். சூலும் சரியாக அமைய வேண்டும் என்றால் வாய்ப்பு இன்னும் சுருங்கிவிடும். அதனால்தான் விதை இல்லை, அல்லது ஆயிரத்தில் ஒன்றாக எப்போதாவது ஒரு விதை தென்படுகிறது.

தொகுதிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் இந்தச் சிக்கல் குறைவு. நான்கு தொகுதி இரண்டு இரண்டாகப் பிரியலாம். ஆறு தொகுதி மூன்று மூன்றாகப் பிரியலாம். சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் பயன்படும் கோதுமைக்கு ஆறு தொகுதி, மொத்தம் 42 குரோமோசோம். மூன்று வெவ்வேறு புல்வகைகள் இயற்கையாகக் கலந்து உருவான பயிர் அது. உருளைக்கிழங்கில் நான்கு தொகுதி. கேமரன்மலையில் விளையும் ஸ்ட்ராபெரியில் எட்டு. காப்பியில் அராபிகாவுக்கு நான்கு தொகுதி, 44 குரோமோசோம். நம் நாட்டில் அதிகம் பயிராகும் லிபெரிகாவுக்கு இரண்டே தொகுதி, 22. காலையில் காப்பி, ரொட்டி, மதியம் உருளைக்கிழங்குப் பிரட்டல் என்று சாப்பிடுகிறவர் பன்மடியப் பயிர்களை அன்றாடம் உண்டுகொண்டுதான் இருக்கிறார்.

எலுமிச்சையில் நடந்தது என்ன?

சந்தையில் உள்ள விதையில்லா எலுமிச்சையின் உலகப் பெயர் ‘தாஹித்தி’ எலுமிச்சை. ‘பாரசீக’ எலுமிச்சை என்றும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் பசிபிக் கடலில் உள்ள தாஹித்தித் தீவு வழியாக அது கலிபோர்னியாவுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதை எந்த ஆய்வுக்கூடமும் உருவாக்கவில்லை. விதையுள்ள சிறிய எலுமிச்சையின் மகரந்தம் ஒன்று பிரியாமல் 18 குரோமோசோமோடு போய், மஞ்சள் நிற லெமனின் 9 உடன் சேர்ந்ததில் பிறந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 27 குரோமோசோம். தாய் லெமன், தந்தை எலுமிச்சை. பிள்ளைக்கு லெமனின் அளவும் எலுமிச்சையின் பச்சையும் புளிப்பும் வாய்த்துவிட்டன.

இதைப் பார்த்த ஆய்வாளர்கள், இயற்கை தற்செயலாகச் செய்ததை வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் ரிவர்சைட் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1958இல் புளிப்பில்லாத பம்ளிமாஸ் ஒன்றை நான்மடியக் கிரேப்ஃபுரூட்டோடு கலந்தார்கள். அதில் பிறந்த மும்மடியப் பழம் ‘ஓரோபிளாங்கோ’. விதையும் இல்லை, கிரேப்ஃபுரூட்டின் கசப்பும் குறைவு. உழவர் கைக்கு அது வந்தது 1980இல். ஒரு பழத்தைத் தேர்ந்து எடுக்க 22 ஆண்டு ஆனது. மகரந்தம் எடுத்து இன்னொரு பூவில் தடவி, முளைத்ததை வளர்த்து, காய்க்கும் வரை காத்திருந்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும் வேலை அது.

நான்மடிய மரம் எங்கிருந்து கிடைக்கிறது? எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளை முளைக்கப் போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பல, மகரந்தத்தின் பங்கே இல்லாமல் தாய்மரத்தின் திசுவிலிருந்து நேராக உருவானவை. அந்தத் திசுவில் எப்போதாவது ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய மறந்துவிட்டால் 18 குரோமோசோம் 36 ஆகிவிடும். அப்படி வரும் கன்று சற்றுக் குள்ளமாக, தடித்த இலையோடு இருக்கும். அதன் பழத்தில் தோல்தான் அதிகம், சாறு குறைவு. விற்க உதவாது. ஆனால் மும்மடியப் பழம் உருவாக்க அதுவே பெற்றோர்.

காந்தள் பூவும் தர்ப்பூசணியும்

தர்ப்பூசணியின் கதை வேறு. அதில் மனிதரின் கை இருக்கிறது. அந்தக் கையில் ஒரு தமிழ்ப் பூவுக்கும் தொடர்பு உண்டு.

1937இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘கோல்சிசின்’ என்ற பொருளைச் செடியின் குருத்தில் தடவினால் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாவதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகள் வேண்டும். கோல்சிசின் அந்த இழைகள் உருவாகாமல் தடுத்துவிடும். குரோமோசோம்கள் இரட்டித்த பின் பிரிய வழியில்லாமல் ஒரே உயிரணுவில் தங்கிவிடும்.

ஐரோப்பாவில் இந்தப் பொருள் ஒரு கிழங்குச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. அது நிறைந்துள்ள இன்னொரு செடி செங்காந்தள். சங்க இலக்கியத்தில் பெண்களின் விரலுக்கு உவமையாக வரும் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர் வரிசையில் முதலில் நிற்பது. கார்த்திகைப்பூ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. அங்கே உழவர்கள் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்சிசின், யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்கும் ‘கௌட்’ நோய்க்கு மருந்தாகிறது. அளவு மீறினால் கடும் நஞ்சு. காந்தள் கிழங்கை யாரும் வீட்டு மருந்தாகப் பயன்படுத்தக்கூடாது.

ஜப்பானிய விஞ்ஞானி ஹிதோஷி கிஹாரா, சாதாரணத் தர்ப்பூசணிக் கன்றின் குருத்தில் கோல்சிசின் இட்டு 22 குரோமோசோமை 44 ஆக்கினார். அந்த நான்மடியச் செடியின் பூவில் சாதாரணத் தர்ப்பூசணியின் மகரந்தத்தைச் சேர்த்தார். அதில் கிடைத்த விதையில் 33. அந்த விதையை விதைத்தால் வரும் கொடியில் காய்ப்பதுதான் விதையில்லாத் தர்ப்பூசணி. 1951இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

இங்கே மூன்று செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோல்சிசின் தொட்டது, நாம் சாப்பிடும் பழத்தின் பழைய மூதாதையை. ஒருமுறை நான்மடியமானது அதன்பின் தன் விதையிலேயே தொடர்கிறது. கடையில் உள்ள பழத்துக்கு யாரும் ஊசி போடுவதில்லை. இரண்டாவது, வேறோர் உயிரின் மரபணு எதுவும் இதில் புகுத்தப்படவில்லை. தர்ப்பூசணியின் குரோமோசோமே ஒரு தொகுதி கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது, பழத்துக்குள் காணும் வெள்ளை நிற மெல்லிய விதைகள் வளராமல் போன விதைத்தோல்கள். விழுங்கினாலும் கேடில்லை. ஒரு பழத்தின் குரோமோசோம் எண்ணிக்கைக்கும் அதைச் சாப்பிடுகிறவரின் பிள்ளைப்பேற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விதையில்லாத் தர்ப்பூசணியைத் தனியாகப் பயிரிட்டால் காய்க்காது. காய் பிடிக்க மகரந்தத்தின் தூண்டுதல் வேண்டும். தன் மகரந்தம் மலடு என்பதால், விதையுள்ள சாதாரணத் தர்ப்பூசணியை அதே நிலத்தில் இடையிடையே நட வேண்டும். தாஹித்தி எலுமிச்சைக்கும் வாழைக்கும் அந்தத் தேவை இல்லை. அவை மகரந்தம் சேராமலே காய்க்கக்கூடியவை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்

குரோமோசோம் எண்ணும் இந்த அறிவியலில் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒருவர் உலகப் புகழ் பெற்றார். ஜானகி அம்மாள், 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் படித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்களுக்குப் பள்ளிக்கூடமே அரிதாக இருந்த காலம் அது.

1930களில் அவர் வேலை பார்த்த இடம் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம். 1912இல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தில் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் ஒரு துணிச்சலான வேலை செய்திருந்தார்கள். சாறு மிகுந்த தடித்த கரும்பை, நாணல் போல மெலிந்த பேய்க்கரும்போடு கலந்தார்கள். தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம். அதில் இனிப்பு உண்டு, நோயையும் குளிரையும் தாங்கும் வலு இல்லை. பேய்க்கரும்பில் இனிப்பு இல்லை, வலு உண்டு. அந்தக் கலப்பில் முதலில் உழவரிடம் போனது ‘கோ 205’. இன்று உலகெங்கும் பயிராகும் கரும்புகளில் 100க்கு மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு வாசலில் கட்டும் கரும்பு, நம் கைக்கு வரும் பயிர்களிலேயே மிகச் சிக்கலான பன்மடியங்களில் ஒன்று.

ஜானகி அம்மாள் அங்கே கரும்பை அதன் தூரத்து உறவுப் புற்களோடு, மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த நூலை 1945இல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாக் கன்றுகளுக்குக் கோல்சிசின் இட்டுப் பார்த்தார். அதிலிருந்து வந்த ஒரு மக்னோலியா இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1977இல் பத்மஸ்ரீ பெற்றார். 1984இல் காலமானார். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

வாழையின் எழுத்துகள்

இனி வாழை. இதுதான் நம் ஊருக்கு மிக நெருக்கமான பன்மடியம். ஏனெனில் வாழையின் தாயகங்களில் ஒன்று மலேசியக் காடு.

உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு காட்டு மூதாதையர். அவற்றை ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் குறிப்பார்கள். இரண்டிலும் சதை குறைவு, மிளகு போன்ற கடினமான கருப்பு விதைகள் நிறைந்திருக்கும். சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1955இல் உலக வாழைகளை இந்த எழுத்துகளைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். அந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது.

பீசாங் மாஸ் ‘ஏஏ’, இரண்டு தொகுதி. பீசாங் பெராங்கானும், உலகச் சந்தையை ஆளும் கேவெண்டிஷும் ‘ஏஏஏ’. பொரித்துச் சாப்பிடும் பீசாங் தண்டோக் ‘ஏஏபி’. மலாய்க்காரர்களும் தமிழர்களும் ஒரே பெயரில் அழைக்கும் ரஸ்தாளியும் ‘ஏஏபி’. பீசாங் ஆவாக் ‘ஏபிபி’. தமிழ்நாட்டில் கற்பூரவள்ளி என்று விற்கும் பழம் இந்தப் பீசாங் ஆவாக் குழுவைச் சேர்ந்ததுதான். அதில் எப்போதாவது பல்லில் ஒரு விதை கடிபடும். அக்கம்பக்கத்தில் வளமான மகரந்தமுள்ள வாழை இருந்தால் அப்படி நேர்வதுண்டு. வாழைக்கும் ஒரு காலத்தில் விதை இருந்தது என்பதற்கு அது அடையாளம்.

இங்கே ஒரு தெளிவு தேவை. விதையில்லாப் பழமெல்லாம் மும்மடியம் அல்ல. பீசாங் மாஸில் இரண்டே தொகுதி, ஆனாலும் விதை இல்லை. தொப்புள் உள்ள நேவல் ஆரஞ்சும் இருமடியமே. அதன் பூவில் நல்ல மகரந்தம் இல்லாததால் விதை பிடிப்பதில்லை. விதையில்லாத் திராட்சையில் விதை தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. விதையின்மைக்குப் பல வழிகள் உண்டு. பன்மடியம் அவற்றில் முக்கியமான ஒன்று.

ஒரே உடல், ஒரே பலவீனம்

விதை இல்லாத செடியை எப்படிப் பெருக்குவது? வாழைக்குப் பக்கக்கன்று, கரும்புக்குக் கரணை, எலுமிச்சைக்குப் பதியமும் ஒட்டும். பால்மரக் காட்டில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால், ஒரே மரத்தின் மொட்டிலிருந்து ஒட்டுக்கட்டி வந்த பிள்ளைகள். ஆயிரம் மரம் நின்றாலும் மேலே இருப்பது ஒரே மரத்தின் உடல். விதையில்லா எலுமிச்சையும் பெராங்கான் வாழையும் அப்படித்தான்.

விதை வழியாகப் பிறக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றும் சற்று வேறுபடும். நோய் வந்தால் சில சாகும், சில பிழைக்கும். ஒரே உடலின் நகல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும்.

இது வெறும் அச்சம் அல்ல, ஏற்கனவே நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையில் இருந்த வாழை ‘குரோ மிஷெல்’. அதுவும் ‘ஏஏஏ’. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணத்தால் வரும் ‘பனாமா’ வாடல் நோய் அதன் பெருந்தோட்டங்களை அழித்தது. 1960களுக்குள் அதன் இடத்தைக் கேவெண்டிஷ் பிடித்தது, காரணம் அது அந்த நோயைத் தாங்கியது. பின்னர் அதே பூஞ்சணத்தின் புதிய வகை ஒன்று கேவெண்டிஷையும் வாட்டத் தொடங்கியது. ‘டி.ஆர்.4’ என்று அதற்குப் பெயர். 1990களின் தொடக்கத்தில் மலேசிய, இந்தோனேசிய வாழைத் தோட்டங்கள் அதனால் பெரும் பாதிப்பைக் கண்டன. 2019இல் அது தென் அமெரிக்காவின் கொலம்பியாவிலும் உறுதி செய்யப்பட்டது. நம் பெராங்கானும் அதற்குத் தப்புவதில்லை. பூஞ்சணம் வேர்வழியே நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். ஒருமுறை மண்ணில் இறங்கினால் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். மருந்து கிடையாது.

தீர்வு தேடிப் போனவர்கள் திரும்பி வந்த இடம் நம் காடு. மலேசியக் காட்டு வாழையின் ஒரு வகைக்கு அறிவியல் பெயரே ‘மலாக்கென்சிஸ்’, மலாக்கா என்ற பெயரிலிருந்து வந்தது. விதை நிறைந்த, யாரும் உண்ணாத அந்த வாழையில் சில டி.ஆர்.4 நோயைத் தாங்குகின்றன. அதிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துக் கேவெண்டிஷில் சேர்த்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு வாழையை உருவாக்கியது. 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசு அதற்கு அனுமதி தந்தது. மரபணு மாற்றிய பழம் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். சந்தையில் உள்ள விதையில்லா எலுமிச்சையை அல்ல.

காட்டோரத்தில் விதையோடு நிற்கும் வாழையைப் பயனற்றது என்று வெட்டித் தள்ளுகிறோம். மலட்டு வாழைகளுக்கு வேண்டிய எதிர்ப்புச் சக்தி அந்த விதைகளில்தான் இருக்கிறது.

வீட்டில் நட்டிருப்பவர்கள் செய்ய வேண்டியது

வாழைக்கன்று வாங்கும்போது தாய்த் தூரைப் பாருங்கள். அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கினால் அந்தத் தூரிலிருந்து கன்று எடுக்காதீர்கள். தண்டை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகளோ வளையமோ தெரிந்தால் சந்தேகம் உறுதிப்படும். கன்று பார்க்க நன்றாக இருந்தாலும் நோய் உள்ளே இருக்கலாம். அந்த மண் ஒட்டிய மண்வெட்டி, காலணி எல்லாவற்றையும் கழுவிய பிறகே வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய கன்று கிடைத்தால் அது பாதுகாப்பானது. கல்யாண வாசலில் கட்டிய வாழையின் அடியைப் பின்வாசலில் நடுவோர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

விதையில்லா எலுமிச்சை வேண்டுமென்றால் பதியக்கன்றோ ஒட்டுக்கன்றோதான் வாங்க வேண்டும். “விதையில்லா எலுமிச்சை விதை” என்று பாக்கெட்டில் விற்றால் வாங்காதீர்கள். விதையுள்ள பழைய எலுமிச்சையை விதை போட்டே வளர்க்கலாம். முளைக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை தாய்மரம் போலவே இருக்கும். பம்ளிமாஸ் அப்படி அல்ல. அதன் ஒரு விதையில் ஒரு முளைதான், அது தாயைப் போல இராது. ஈப்போ, தம்புன் பக்கத்துப் பம்ளிமாஸ் சுவை வேண்டுமென்றால் பதியம்தான் வழி.

எலுமிச்சைக்குப் பெரிய எதிரி, இலை மஞ்சளாகிப் பழம் கோணலாகும் ‘கிரீனிங்’ நோய். நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைப் பரப்பும் சிறு பழுப்புப் பூச்சி, வாலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்காரும். அதற்குப் பிடித்த செடிகளில் ஒன்று நம் கறிவேப்பிலை. வேலியாக வைக்கும் ‘கெமுனிங்’ செடியும் அப்படியே. தமிழர் வீட்டுப் பின்புறத்தில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது வழக்கம். கறிவேப்பிலையை வெட்டிவிட வேண்டியதில்லை. இளங்குருத்தில் வெள்ளை மெழுகு நூல் போலத் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, கண்ட குருத்தைக் கிள்ளி அழித்தால் போதும். முடிந்தால் இரண்டையும் தள்ளி நடுவது நல்லது.

இலை மஞ்சளானாலே இந்த நோய் என்று நினைக்க வேண்டாம். உரக்குறைவால் வரும் மஞ்சள், நடுநரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். நோய் என்றால் ஒருபுறம் ஒரு விதமாகவும் மறுபுறம் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக இருக்கும். சந்தேகம் இருந்தால் இலையோடு அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் கேட்கலாம். அதுவரை அந்த மரத்தில் பதியம் போட்டு உறவினர்களுக்குக் கொடுக்காதீர்கள். அன்போடு கொடுக்கும் ஒரு குச்சியில் நோயும் சேர்ந்தே போகும்.

விதையுள்ள பழைய எலுமிச்சை மரம் வீட்டில் நன்றாக நின்றால், புதியதுக்கு இடம் வேண்டுமென்று அதை வெட்டிவிடாமல் வைத்திருங்கள். அதன் பழத்திலிருந்து நாலு விதையை எடுத்துக் கழுவி, உலர விடாமல் உடனே தொட்டியில் ஊன்றலாம். புதிய மரத்தில் அது முடியாது.